‘அரைவல்’: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

சேலத்தில் ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டிய வேலைகள் நிறைய உண்டு. ஏற்காட்டு விடுதியின் முன்பதிவு மின்னஞ்சல், மண்டியிலிருந்து வெளிமாநில வியாபாரிக்குப் போகும் செய்தி, லாரி புக்கிங் ஆபீஸின் சரக்குச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் என்று எதை எடுத்தாலும் ‘அரைவல்’ என்ற சொல் எங்காவது தலைகாட்டும். அகராதியைப் புரட்டினால் ‘வருகை’ என்று போட்டிருக்கும். அதை நம்பி, தமிழில் வருகை என்று எழுதும் இடத்திலெல்லாம் அரைவலை வைத்தால் பல இடங்களில் தப்பாகிவிடும்.

அரைவல் என்பது ஒரு கணம். பயணம் முடிந்து, வந்து சேர்ந்த அந்த நேரம் மட்டும். அதற்கு முன்னால் நடந்த பயணமும் அதில் சேராது, வந்தபின் தங்கிய நாட்களும் சேராது. சொல்லின் வேர் லத்தீன்: ‘அட்’ என்றால் நோக்கி, ‘ரிப்பா’ என்றால் கரை. படகு கரையைத் தொடுவதுதான் முதல் பொருள். நாம் ‘கரை சேர்ந்தான்’ என்று சொல்கிறோமே, அதே படம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளில் பெரும்பாலானவற்றைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தமிழ் வருகை இப்படி ஒரு கணத்தில் நிற்பதில்லை. பள்ளியில் வருகைப் பதிவேடு என்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘அட்டெண்டன்ஸ்’. ‘முதல்வர் சேலம் வருகை’ என்று நாளிதழில் தலைப்பு வரும். அவர் இரண்டு நாள் இருந்து கூட்டங்களில் பேசி, திட்டங்களைத் தொடங்கி வைத்துவிட்டுப் போகிறார் என்றால் அது ‘விசிட்’. அவர் விமானம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் இறங்கிய நேரத்தை மட்டும் சொன்னால்தான் அரைவல். ‘தங்கள் வருகையை அன்புடன் எதிர்நோக்கும்’ என்ற பத்திரிகை வரிக்கு ‘பிரசன்ஸ்’ போட வேண்டும். அங்கே ‘எக்ஸ்பெக்டிங் யுவர் அரைவல்’ என்று அச்சடித்தால், விருந்தினர் மண்டப வாசலில் வந்து இறங்கினால் போதும், உள்ளே வந்து வாழ்த்த வேண்டாம் என்பதுபோல் ஆகிவிடும். அச்சகத்தில் பழைய மாதிரியை வைத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். ஒருமுறை புகுந்த தப்பு பத்து வீட்டுக் கல்யாணம் வரை ஓடும். புரூஃப் பார்க்கும்போது பெயர், தேதி, முகூர்த்த நேரத்தோடு இந்த வரியையும் பார்த்துவிடுவது நல்லது.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தைப் பார்த்து ‘எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். பதில் பொருந்தினால் அரைவல். ‘எத்தனை நாள்?’ என்ற கேள்விதான் பொருந்துகிறது என்றால் விசிட் அல்லது ‘ஸ்டே’. ‘எத்தனை பேர்?’ என்றால் பெரும்பாலும் அட்டெண்டன்ஸ். ‘மை அரைவல் இஸ் ஃபார் த்ரீ டேஸ்’ என்று எழுதுவது இந்தச் சோதனையில் உடனே விழுந்துவிடும். யாரும் மூன்று நாள் தொடர்ந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்க முடியாது.

வினைச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் குழப்புவது தனி வகை. ‘ஐ வில் அரைவல் டுமாரோ’ என்பது தப்பு, வினை ‘அரைவ்’. நம் ஊர்ப் பேச்சில் அரைவ் கிட்டத்தட்டக் கிடையாது, எல்லாமே ‘ரீச்’தான். ‘ரீச் ஆயிட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் போடுவோம். அதில் குற்றம் இல்லை, வீட்டுக்குள் புரிகிறது. ஆனால் இந்தப் பொருளில் ரீச்சுக்கு என்று தனிப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. அதனால் அலுவலகக் கடிதத்தில் ‘ஆஃப்டர் ரீச்சிங்’ என்று நெளிவதைவிட ‘ஆன் அரைவல்’ என்று இரண்டே சொல்லில் முடிக்கலாம். ‘வந்தவுடன்’ என்று பொருள். பின்னால் எதுவும் தொடராவிட்டால் நடுவில் ‘தி’ போடக் கூடாது: ‘பேமென்ட் ஆன் அரைவல்’. யாருடைய வருகை என்று சொல்ல வேண்டுமானால் ‘ஆன் ஹிஸ் அரைவல்’, அல்லது ‘ஆன் தி அரைவல் ஆஃப் தி சீஃப் கெஸ்ட்’. ‘ஆன்’ இருக்கும் இடத்தில் ‘அப்பான்’ போட்டால் கொஞ்சம் விறைப்பாகும், பொருள் மாறாது. ‘டியூரிங் அரைவல்’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கணத்துக்கு ‘டியூரிங்’ ஒட்டாது.

அடுத்து, இடத்தின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது. ‘சேலத்துக்கு வருகை’ என்ற தமிழ் நான்காம் வேற்றுமை நம்மை ‘அரைவல் டு சேலம்’ என்று எழுத வைக்கிறது. ‘டு’ வராது. ஊரும் நாடும் என்றால் ‘இன்’: அரைவல் இன் சேலம், அரைவல் இன் இந்தியா. கட்டடம், நிலையம், வாசல், அலுவலகம் என்றால் ‘அட்’: அரைவல் அட் சேலம் ஜங்ஷன், அரைவல் அட் தி ரிசார்ட். பிளாட்பாரத்துக்கு ‘ஆன்’ அல்லது ‘அட்’. வீட்டுக்கு ஒன்றுமே வேண்டாம்: ‘அரைவல் ஹோம்’. இதில் ஒரு நெளிவு உண்டு. ரயில் அட்டவணையைப் பற்றிப் பேசும்போது சேலம் ஒரு ஊராக நிற்பதில்லை, வழியில் ஒரு நிறுத்தப் புள்ளியாக நிற்கிறது. அப்போது ‘அரைவல் அட் சேலம்’ என்பதும் சரிதான். ‘டு’ என்பதைத்தான் எந்தக் கணக்கிலும் காப்பாற்ற முடியாது.

ரயிலைப் பற்றிச் சொல்லும்போது மொழித் தப்பைவிடத் தேதித் தப்புதான் அதிகச் செலவு வைக்கும். சென்னையிலிருந்து மேற்கே வரும் இரவு ரயில்கள் பல சேலத்தைத் தொடும்போது நள்ளிரவு தாண்டிவிடும். ஏற்காடு எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். (பெயரில் ஏற்காடு இருந்தாலும் அது மலை ஏறாது, சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடுகிறது, மலைக்கு ரயில் பாதையே கிடையாது.) சென்னையில் இரவு ஏறினால் சேலத்தில் இறங்குவது மறுநாள் விடியுமுன். டிக்கெட்டில் 14 என்று இருக்கும் தேதி புறப்பாட்டுத் தேதி, அரைவல் தேதி 15. விடுதிக்கு எழுதும்போது டிக்கெட்டைப் பார்த்து ‘அரைவல்: 14’ என்று நிரப்பிவிட்டால் ஓர் இரவு வாடகை சும்மா போகும், அல்லது நீங்கள் வரவில்லை என்று அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ரயில் அட்டவணையில் நாள் என்று ஒரு கட்டம் இருக்கும். ‘2’ என்றிருந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து இரண்டாம் நாள் என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் தேதி எழுதாதீர்கள்.

நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுவது பாதுகாப்பு. ‘12.20’ என்று எழுதினால் நடுப்பகலா நடு ராத்திரியா என்று ஒரு தொலைபேசி அழைப்பு கூடுதலாக வரும். ‘00:20’ என்றால் வராது. செயலிகளில் மூன்று அரைவல் நேரங்கள் காட்டுவார்கள்: ‘ஷெட்யூல்டு’ அட்டவணையில் உள்ளது, ‘எக்ஸ்பெக்டட்’ இப்போதைய தாமதத்தைச் சேர்த்து மதிப்பிட்டது, ‘ஆக்சுவல்’ உண்மையில் வந்து நின்றது. வண்டி அனுப்புகிறவருக்கு எக்ஸ்பெக்டடைச் சொல்லுங்கள். தாமதத்துக்கு நஷ்டஈடு அல்லது விளக்கம் கேட்டு எழுதுகிறீர்கள் என்றால் ஷெட்யூல்டும் ஆக்சுவலும் இரண்டும் வேண்டும். ‘இ.டி.ஏ.’ என்பது ‘எஸ்டிமேட்டட் டைம் ஆஃப் அரைவல்’ என்பதன் சுருக்கம். அதிலேயே ‘டைம்’ அடங்கியிருக்கிறது, ஆகவே ‘இ.டி.ஏ. டைம்’ என்று எழுதத் தேவையில்லை.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் விஷயத்தில் அடிக்கடி நடப்பது வேறு குழப்பம். விருந்தினர் ‘அரைவல்: 5 ஏ.எம்.’ என்று எழுதுகிறார். அவர் மனதில் இருப்பது சேலம் ஜங்ஷன். விடுதிக்காரர் மனதில் இருப்பது தன் கேட். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர், அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள், சாதாரண நாளில் காரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மே மாதக் கோடை விழா சமயத்திலும் நீண்ட விடுமுறைகளிலும் அடிவாரத்திலேயே வரிசை கட்டி நிற்க வேண்டியிருக்கும். சேலத்தில் இறங்குவது, வண்டி பிடிப்பது, காபி குடிப்பது எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி அரைவல் ஏழு மணி அரைவல் ஆகிவிடுகிறது. ஆகவே அரைவல் என்ற சொல்லைத் தனியாக நிற்க விடாதீர்கள்; பின்னால் எந்த இடம் என்று கட்டாயம் சேருங்கள். ‘அரைவல் அட் சேலம் ஜங்ஷன் 05:00, அரைவல் அட் தி ரிசார்ட் அரவுண்ட் 07:00’ என்று ஒரே வரியில் இரண்டையும் போட்டால் வாட்ச்மேனைக் குளிரில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. செக்-இன் வேறு, அரைவல் வேறு என்பதையும் அங்கேயே தெளிவாக்கிவிடலாம். காலை ஏழுக்கு வந்து சேரலாம், அறை பகல் பன்னிரண்டுக்குத்தான் கிடைக்கும் என்றால் முந்தையது அரைவல், பிந்தையது செக்-இன். ‘எர்லி அரைவல்’ என்று விருந்தினர் கேட்பது பெரும்பாலும் ‘எர்லி செக்-இன்’தான். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று அந்த மின்னஞ்சலிலேயே பதில் எழுதிவிட்டால் வரவேற்பறையில் வாக்குவாதம் வராது.

வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறவர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் உட்பட, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியே தகவல் பதிய வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று பழக்கத்தில் சொல்லும் படிவத்தில் அரைவல் இரண்டு தடவை வரும். ஒன்று இந்தியாவுக்கு வந்த தேதி, இன்னொன்று விடுதிக்கு வந்த தேதி. இரண்டிலும் விடுதித் தேதியையே போட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. முதல் தேதிக்கு விருந்தினரின் வாய்ச்சொல்லையோ விமான டிக்கெட்டையோ நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டில் குடியேற்ற அதிகாரி குத்திய முத்திரையைப் பாருங்கள். டிக்கெட்டில் முன்னால் நிற்பது புறப்பட்ட தேதி. இரவு விமானம் என்றால் ஒரு நாள் வித்தியாசம் வந்துவிடும். இரண்டாவது தேதியையும் நேரத்தையும் உங்கள் பதிவேட்டிலிருந்து எடுங்கள். 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது.

மண்டிக்கு வந்தால் அரைவல் பன்மையாகிவிடும். ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை மாம்பழப் பருவத்தில் ‘வரத்து அதிகம், விலை சரிவு’ என்று நாம் சொல்வதை ஆங்கில வணிகச் செய்தியில் ‘ஹெவி அரைவல்ஸ்’ என்பார்கள். இங்கே அரைவல்ஸ் என்றால் சந்தைக்கு வந்து இறங்கிய சரக்கு. தோட்டத்தில் காய்த்தது அல்ல, அன்றைக்கு விற்றதும் அல்ல. மத்திய அரசின் மண்டி விலைத் தளமான அக்மார்க்நெட்டில் விலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரத்துக் கட்டம் டன்னில் இருக்கும், விலைக் கட்டங்கள் குவிண்டாலுக்கு ரூபாயில் இருக்கும். ஒரு டன் பத்து குவிண்டால். இரண்டையும் அப்படியே பெருக்கி ‘இன்றைக்கு இவ்வளவு வியாபாரம்’ என்று கணக்குப் போட்டால் பத்தில் ஒரு பங்குதான் வரும். பத்தால் பெருக்கினாலும் அது வந்த சரக்கின் மதிப்புதான், விற்றதன் மதிப்பு அல்ல. ‘மோடல்’ என்று ஒரு விலை இருக்கும். பெரும்பகுதிச் சரக்கு கைமாறிய விலை அது. உச்ச விலையைப் பார்த்து ஆசைப்படுவதைவிட இதைப் பார்த்து லாரி ஏற்றுவது புத்தி. ஒருமையில் ‘அரைவல் இஸ் லெஸ்’ என்று எழுதினால் ஆள் யாரோ குறைவாக வந்தது போலிருக்கும். ‘அரைவல்ஸ் ஆர் லோ’ என்பதே சந்தை மொழி.

அதே வரத்து மேட்டூருக்குப் போனால் அரைவல் ஆகாது. அணைக்கு நீர்வரத்து என்பது ‘இன்ஃப்ளோ’. காரணம் எளிது: நீர் வந்துகொண்டே இருக்கிறது, சேர்ந்து முடிவதில்லை. நாளிதழில் ‘வரத்து 10,000 கன அடி’ என்று சுருக்கமாகப் போட்டாலும் அது விநாடிக்கு. அந்த அளவில் ஒரு முழு நாள் வந்தால் 86 கோடியே 40 லட்சம் கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). ஆக, இன்ஃப்ளோ என்பது வேகம், அரைவல் என்பது முடிவு. கர்நாடகத்தில் திறந்த நீரின் முதல் அலை இன்று காலை எல்லையைத் தொட்டது என்று எழுதும்போது மட்டும் அரைவல் நியாயமாகப் பொருந்தும், அது ஒரு கணம் என்பதால். பருவமழைக்கு வானிலைத் துறையின் சொல் ‘ஆன்செட்’, தொடக்கம் என்ற பொருளில். செய்தியாளர்கள் அரைவல் என்றும் எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆனால் கட்டுரைப் போட்டியிலும் தேர்விலும் ஆன்செட் எழுதினால் மதிப்பெண் பேசும்.

லாரி புக்கிங் ஆபீஸில் அரைவலும் டெலிவரியும் வேறு வேறு. சரக்கு கிடங்கில் வந்து இறங்கினால் அரைவல். வாங்குபவர் கையெழுத்துப் போட்டு எடுத்தால் டெலிவரி. இரண்டுக்கும் நடுவே இலவச நாட்கள் என்று சில கொடுப்பார்கள், அதற்குமேல் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். அந்த நாட்கள் அரைவலிலிருந்து எண்ணப்படுகின்றனவா, தகவல் கொடுத்த தேதியிலிருந்தா என்பது ரசீதின் பின்பக்கச் சிறு எழுத்தில் இருக்கும். ஜவுளியோ ஜவ்வரிசியோ வடநாட்டுக்கு அனுப்பிவிட்டு ‘டெலிவர்டு’ என்று வாங்குபவருக்குச் செய்தி அனுப்பும் முன், அது உண்மையில் ‘அரைவ்டு’ மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணம் வர வேண்டிய நாள் இந்த ஒரு சொல்லில் தள்ளிப்போகிறது.

மின்சாதனம் வாங்குகிறவர்கள் ‘டி.ஓ.ஏ.’ என்ற மூன்றெழுத்தைத் தெரிந்துகொள்வது லாபம். விரிவு ‘டெட் ஆன் அரைவல்’: பெட்டியைப் பிரித்ததுமே வேலை செய்யாத பொருள். இப்படி நிரூபித்தால் பல நிறுவனங்கள் ரிப்பேருக்கு அனுப்பாமல் புதிதாகவே மாற்றித் தருவார்கள், ஆனால் குறுகிய கெடு வைத்திருப்பார்கள். பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்து வைப்பது அதற்காகத்தான். இரண்டு நாள் ஓடிவிட்டு நின்றால் அது டி.ஓ.ஏ. அல்ல, சாதாரண வாரண்டி. மருத்துவமனையில் இதே சொற்றொடர் உயிர் போன நிலையில் கொண்டுவரப்பட்டவரைக் குறிக்கும். நம் அரசு மருத்துவமனைப் பதிவுகளிலும் காவல்துறைக் குறிப்புகளிலும் ‘பிராட் டெட்’ என்றுதான் எழுதுவார்கள்.

தீபாவளிக்கு முன்னால் நான்கு ரோடு, சின்னக்கடை வீதிப் பக்கம் துணிக்கடை பேனர்களில் ‘நியூ அரைவல்’ என்று ஒருமையில் தொங்குவதைப் பார்க்கலாம். சரக்கு பல என்பதால் ‘நியூ அரைவல்ஸ்’ வேண்டும். ஒருமையில் ‘நியூ அரைவல்’ என்றால் ஆங்கிலத்தில் முதலில் தோன்றுவது வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தை. பேனர் எழுதுகிறவரிடம் ஒரு எழுத்துக் கூடுதலாகக் கேட்டால் தரமாட்டேன் என்றா சொல்லப் போகிறார்?

‘அட்வென்ட்’ இதன் பெரிய மனிதத் தோரணையுள்ள உறவு. ஆளுக்கோ ரயிலுக்கோ அதைப் போடுவதில்லை. காலத்தையே மாற்றும் பெரிய விஷயம் தோன்றும்போதுதான். ‘தி அட்வென்ட் ஆஃப் மொபைல் ஃபோன்ஸ்’ சரி. ‘தி அட்வென்ட் ஆஃப் மை அங்கிள் ஃப்ரம் ஆத்தூர்’ என்றால் மாமாவைக் கிண்டல் செய்வதாகத்தான் அர்த்தம். பின்னால் ‘ஆஃப்’ கிட்டத்தட்ட எப்போதும் வரும், முன்னால் ‘தி’ வரும். பெரிய எழுத்தில் தொடங்கினால் அது கிறிஸ்தவத் திருச்சபையின் திருவருகைக் காலம்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள், முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். ஏற்காட்டிலோ சேலத்திலோ ஆலய அறிவிப்புப் பலகையில் ‘அட்வென்ட்’ என்று பார்த்தால் யாரோ சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சரிப்பில் அழுத்தம் நடுவில் ‘ரை’ மேல். முதல் ‘அ’ மெல்லியது, கடைசி ‘வல்’ பாதி விழுங்கியது. ‘அர்ரிவல்’ என்று எழுத்தைப் பார்த்துப் படிப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. எழுத்துக் கூட்டு ஏழு: ஏ, ஆர், ஆர், ஐ, வி, ஏ, எல். ஆர் இரண்டு என்பதை மறப்பவர்களுக்கு ஒரு வழி: முதலில் ‘ஏ, ஆர்’, பிறகு போட்டியாளர் என்று பொருள்படும் ‘ரைவல்’ முழுதாக. அந்த முதல் இரண்டெழுத்து அவசரத்தில் விடுபட்டால் ‘டேட் ஆஃப் ரைவல்’ என்று ஆகிவிடும். ரைவலும் நல்ல ஆங்கிலச் சொல் என்பதால் கணினி அதன் கீழே சிவப்புக் கோடு போடாது.